அத்தை முகத்துக்கு ஒரு லென்ஸ்

எங்கள் மாமனார் காலமானபோது கருமாதிப் பத்திரிகையில் போட வீட்டில் ஒரு நல்ல போட்டோ இல்லை. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். இன்றைக்கும் சுவரில் மங்கலாகத்தான் இருக்கிறார். அத்தைக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்றுதான், நாற்பத்தைந்து வயதில் காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

போனிலேயே எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தேன். என் போன் முகச் சுருக்கத்தையெல்லாம் தானாக வழித்துவிடுகிறது. எனக்கு அத்தையின் சுருக்கம் வேண்டும்.

மகன் வாங்கித் தந்த காமிராவோடு 18-55 லென்ஸ் ஒன்று வந்தது. அதை ஒழுங்காகப் பழகாமலே, சீட்டு எடுத்த பணத்தோடு சேலத்துக்குப் போனேன். "பெரிசா வாங்குங்கக்கா, தூரத்துல இருக்கறதெல்லாம் கிட்ட வரும்" என்றான் கடைப் பையன். 55-250 லென்ஸோடு திரும்பினேன். சேந்தமங்கலத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கொல்லிமலை மரம் கூடத் தனித்தனியாய்த் தெரிந்தது. சந்தோஷந்தான். ஆனால் நான் எடுக்க நினைத்தது மலையையா?

அத்தை ஆசாரத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய நாலடிக்குக் கிட்டப் போனால் அந்த லென்ஸுக்குப் பார்வை நிற்கவில்லை. தள்ளிப் போய் எடுத்தால் கை, முகம் எல்லாம் பனிமூட்டம். பதினேழு படத்தில் ஒன்றும் தேறவில்லை. "எம்பட மூஞ்சி அத்தனை மோசமா கண்ணு?" என்று அத்தை கேட்டது சிரிப்புக்குத்தான். எனக்கோ அன்றிரவு தூக்கமில்லை. பணம் போனது ஒரு பக்கம். அத்தைக்கு வயது எண்பத்திரண்டு.

பிறகுதான் லென்ஸ் மேல் எழுதியிருக்கும் எண்களைப் படித்தேன். மி.மீ. எண் ஏற ஏறத் தூரத்துப் பொருள் பெரிதாகும், கை நடுக்கமும் பெரிதாகும். 'எஃப்' எண் மட்டும் தலைகீழ். சின்னதாக இருந்தால்தான் கண் பெரிதாகத் திறக்கும். எஃப் 5.6-ல் வருவதைவிட 1.8-ல் ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். இருட்டு ஆசாரத்துக்கு எது வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா!

இந்தத் தடவை அவசரப்படவில்லை. பழைய 18-55-ஐ 50-லேயே நிறுத்தி, வளையத்தைத் தொடாமல் ஒரு வாரம் எடுத்துப் பார்த்தேன். என்னுடையது போன்ற சின்ன சென்ஸார் காமிராவில் 50 என்பது 80 போல நெருக்கிக் காட்டும். சமையலறையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஆட்டுக்கல்லில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆசாரத்துக்கும் திண்ணைக்கும் சரியாக இருந்தது. எனக்கு அது போதும்.

50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸைப் பழசாகவே வாங்கினேன். வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. மழைக்காலத்தில் தோல் பையில் வைக்கக் கூடாது. மூடி இறுகிய டப்பாவில், மாத்திரை பாட்டிலில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

ஒரே லென்ஸா என்று நாத்தனார் கேலி செய்தாள். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா, லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத ரோலிஃப்ளெக்ஸிலும் படம் எடுத்தவர்தான். 2011-ல் பத்ம விபூஷண் கிடைத்தது என்றேன். பெரிய லென்ஸை அவள் மகனுக்கே கொடுத்துவிட்டேன். வெள்ளோடு சரணாலயத்தில் பறவை எடுக்கிறான். அங்கே அதற்கு ஈடு இல்லை.

போன கார்த்திகையில் சாயங்காலம் அத்தை திண்ணையில் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்கள். எஃப் 2-ல் வைத்து, கண்ணைக் குறி பார்த்து எடுத்தேன். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா மாதரயே இருக்கறனே கண்ணு! அவளுக்கு ஒரு போட்டோகூட இல்ல" என்றார்கள்.

இரண்டு பிரதி போட்டேன். ஒன்றை அத்தை தன் தலகாணிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.