ஜெராக்ஸ் போட்டாச்சா?

போன வாரம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து போன். "சார், நீங்க குடுத்த பில் கட்டுல பதினோரு பேப்பர் வெள்ளையா இருக்கு. வெறும் பேப்பருக்கு எதுக்கு பின் அடிச்சு வெச்சிருக்கீங்க?"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. எனக்குத்தான் சிரிப்பு வரலை. கூரியர் ரசீது, லாட்ஜ் பில், ஸ்பேர் பார்ட்ஸ் பில்... எல்லாம் அந்த வழவழா பேப்பர்ல அடிச்சது. எழுத்து மொத்தமும் போயே போச்சு.

இதுல கொடுமை என்னன்னா, இதே பாடத்தை நான் இருபது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தடவை காசு கட்டிப் படிச்சவன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

நமக்கு சொந்த ஊர் திருவண்ணாமலை. உடனே "கிரிவலம் போயிருக்கீங்களா"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க. அது வேற, இது வேற. இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலை. குன்று மேல சீனிவாசப் பெருமாள் நிக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை வந்தா சுத்துப்பட்டு ஜனம் மொத்தமும் எங்க ஊர்லதான். வேலைக்குப் போறது ராஜபாளையம் தாண்டி, சத்திரப்பட்டிப் பக்கம். பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். உங்க ஊர் ஆஸ்பத்திரியில யாருக்காவது கட்டுப் போட்டிருந்தா, அந்தத் துணி எங்க பக்கத்துத் தறியில ஓடினதா இருக்கலாம்.

2003-ல அங்க ஒரு சின்ன ஆபீஸ்ல சேர்ந்தேன். நாலு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கீச் கீச்னு கத்துற ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு பேக்ஸ் மெஷின். இதுல பேக்ஸ்தான் ராஜா. வெளி மாநில வியாபாரிங்க எல்லாம் ஆர்டரை அதுலதான் அனுப்புவாங்க. எத்தனை பேல், என்ன ரேட்டு, எந்த லாரி ஆபீஸ், எல்லாம் அந்த ஒரு தாள்ல இருக்கும்.

அந்த மெஷினைப் பார்த்துக்கிட்டது எங்க கணக்கர். நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு மூணு பழக்கம்.

ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில இடி இடிக்க ஆரம்பிச்சா, எந்த வேலையில இருந்தாலும் எழுந்து போய் டெலிபோன் ஒயரையும் பிளக்கையும் பிடுங்கி வெச்சுடுவார். கரண்ட் லைன்ல வர்ற மின்னல் மாதிரியே டெலிபோன் லைன்லயும் வரும். ஒரே அடியில போர்டு போயிடும்.

ரெண்டு, சனிக்கிழமை சாயங்காலம் மூடியைத் திறந்து, ஸ்பிரிட்ல நனைச்ச துணியால உள்ள இருக்கிற ஹெட்டைத் துடைப்பார். எங்க பக்கம் காத்துலயே பஞ்சு பறக்கும். அது ஹெட்ல ஒட்டினா, வர்ற பேக்ஸ்ல நெடுக்க வெள்ளைக் கோடு விழும். நாம அனுப்புற தாள்ல எதிராளிக்குக் கறுப்புக் கோடு தெரிஞ்சா, அழுக்கு படிக்கிற கண்ணாடியில இருக்குன்னு அர்த்தம். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் குடுத்தது அவர்தான். சர்வீஸ் ஆள் வந்தா முந்நூறு ரூபாய். இதுக்கு அஞ்சு நிமிஷம்.

மூணாவது பழக்கம்தான் எனக்குப் பிடிக்காதது. பேக்ஸ் வந்த உடனே, அதை எடுத்துக்கிட்டுப் போய் எதிர்க்கடையில ஜெராக்ஸ் போட்டுட்டு வரச் சொல்லுவார். ஃபைல்ல ஜெராக்ஸ் மேல, ஒரிஜினல் கீழ. வெயிலோ மழையோ, "தம்பி, ஜெராக்ஸ் போட்டாச்சா?" இது தினம் மூணு வேளை நான் கேக்கிற கேள்வி.

2004-ல அவருக்குக் கண் பார்வை மங்கிப் போய் வேலையை விட்டு நின்னுட்டார். மெஷின் பொறுப்பு எனக்கு வந்துச்சு. வந்த ஜோர்ல நான் ரெண்டு காரியம் பண்ணினேன்.

பழைய மெஷின் தேஞ்சு போச்சுன்னு முதலாளி புதுசு வாங்கச் சொன்னார். கடையில ரெண்டு வகை காட்டினாங்க. சாதாரணப் பேப்பர்ல கறுப்பு பிலிம் ரோல் வெச்சு அடிக்கிறது ஒண்ணு. வழவழா ரோல்ல அடிக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது ரெண்டாயிரம் ரூபாய் கம்மி, ரோலும் ஒண்ணுதான் மாத்தணும், இங்க், பிலிம் எந்தத் தொல்லையும் இல்லை. அதையே வாங்கினேன். முதலாளி தட்டிக் குடுத்தார்.

அடுத்து, ஜெராக்ஸை நிறுத்தினேன். ஒரு காப்பி 75 பைசா. ஒரு நாளைக்கு மூணு பேக்ஸ். மாசம் அம்பத்தஞ்சு, அறுபது ரூபாய் மிச்சம்னு பேப்பர்ல கணக்குப் போட்டே காட்டினேன். அதுக்குப் பதிலா ஒவ்வொரு பேக்ஸையும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர்ல போட்டு, நம்பர் ஒட்டி, அழகா ஃபைல் பண்ணினேன். பார்த்தவங்க எல்லாம் பாராட்டினாங்க. ஹி.. ஹி..

இடி இடிச்சா ஒயரைப் பிடுங்குறது, ஹெட்டைத் துடைக்கிறது, இது ரெண்டையும் நான் விடலை. ஏன்னா அதை விட்டா என்ன ஆகும்னு கண்ணு முன்னாடி தெரியும்.

2006 ஆகஸ்ட். ஒரு வெளி மாநில வியாபாரி (பேர் வேண்டாம்) கணக்கு முடிக்கிறப்ப, "இந்த ரேட்டுக்கு நாங்க ஆர்டரே குடுக்கலை"ன்னுட்டார். வித்தியாசம் 46,000 ரூபாய். நான் கொஞ்சமும் கவலைப்படலை. "2004 டிசம்பர்ல பேக்ஸ் வந்துச்சு சார், ரேட்டு போட்டு அவரே கையெழுத்து வெச்சது, இதோ"ன்னு முதலாளி முன்னாடி கெத்தா ஃபைலைத் திறந்தேன்.

கவருக்குள்ள வெள்ளைத் தாள்.

வெள்ளைன்னா முழு வெள்ளை இல்லை. கீழ் ஓரத்துல எங்க ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு, "பெற்றுக்கொள்ளப்பட்டது"ன்னு, ஊதாக் கலர்ல பளிச்சுன்னு இருந்துச்சு. பக்கத்துல என் கையெழுத்து, தேதியோட. ஒண்ணுமே எழுதாத ஒரு தாளைப் பெற்றுக்கொண்டதா நானே சான்று குடுத்திருக்கேன்! அடுத்த கவர், அதுக்கடுத்த கவர்... ஜன்னல் பக்கம் இருந்ததெல்லாம் சுத்தம். அலமாரி உள்ளே இருந்ததுல சாம்பல் கலர்ல ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரி.

யாரோ சொன்னாங்கன்னு ஒரு தாளோட மூலையில இஸ்திரிப் பெட்டியை வெச்சுப் பார்த்தேன். அந்த மூலை மொத்தமும் கறுப்பாச்சு. அதோட விட்டுட்டேன்.

முதலாளி திட்டலை. திட்டியிருந்தா தேவலை. வக்கீல்கிட்ட போய், காட்ட ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு, கடைசியில பாதிக்குப் பாதின்னு பேசி முடிச்சாங்க. 23,000 ரூபாய் போச்சு. அப்ப என் சம்பளம் 3,500. ரெண்டு வருஷத்துல ஜெராக்ஸ் நிறுத்தி நான் மிச்சம் பிடிச்சது ஆயிரத்து முந்நூறு ரூபாய் சொச்சம்.

அந்த ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவர், "எனக்கும் முன்னாடி ஒருக்கா இப்படி ஆச்சுய்யா. அதுலேர்ந்துதான் ஜெராக்ஸ்"னார்.

"இதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணாச்சி?"

"சொல்லாம என்ன? தினம் மூணு வாட்டி கேட்டேனே, ஜெராக்ஸ் போட்டாச்சான்னு."

"போடச் சொன்னீங்க. ஏன் போடணும்னு சொல்லலையே."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "ஏன்னு நீயும் கேக்கலை, எனக்கும் சொல்லத் தோணலை. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்"னு சொல்லிட்டு, காபி குடிச்சுட்டுப் போகச் சொன்னார்.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படிச்சேன். அந்தப் பேப்பர்ல மை கிடையாது. நிறமில்லாத ஒரு சாயமும், அதோட சேர்ந்தா அதைக் கறுப்பாக்குற அமிலத்தன்மையுள்ள ஒரு பொருளும் சேர்த்து மேல பூசியிருப்பாங்க. ஹெட்ல இருக்கிற சூடு பட்ட இடத்துல ரெண்டும் உருகிச் சேர்ந்து கறுப்பாகும். அந்தச் சேர்க்கை நிரந்தரம் இல்லை. வெளிச்சம், எண்ணெய்க் கை, செல்லோ டேப் பசை, பிளாஸ்டிக்கை மெதுவா வெச்சிருக்க அதுல கலக்குற பொருள், எல்லாமே அதைப் பிரிச்சு விட்டுடும். அதாவது நான் பெருமையா வாங்கின அந்தப் பிளாஸ்டிக் கவரும் ஜன்னலும் சேர்ந்துதான் ஆர்டரைத் தின்னுருக்கு.

பேக்ஸ் போயிடுச்சு, ஆனா அந்தப் பேப்பர் போகலை. பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் பில், கடை பில், ஏன், ஈசிஜி தாள் கூட அதே ஜாதிதான். ஜிஎஸ்டி சட்டம் கணக்குப் புத்தகமும் அதுக்கான ஆதாரமும் வருஷாந்திர ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் இருக்கணும்னு சொல்லுது. ஆறு வருஷம்! நம்ம பில்லு ரெண்டு வருஷம் தாங்குனா பெரிசு.

இதுல இருந்து ஆபீசுக்கு மெஷின் வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். என்ன விலை, நிமிஷத்துக்கு எத்தனை பக்கம்னு கேக்கிறதோட நிறுத்தாதீங்க. அதுல இருந்து வர்ற தாள் எத்தனை வருஷம் இருக்கணும்னு கேளுங்க. ரோலோ டோனரோ ரிப்பனோ நம்ம ஊர்லயே கிடைக்குமான்னு கேளுங்க. எங்க ஆபீஸ்ல இன்னிக்கும் டாட் மேட்ரிக்ஸ் இருக்கு. சரக்கு பில்லு மூணு காப்பி வேணும், வாங்குறவருக்கு ஒண்ணு, லாரிக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. ஊசி குத்தி ஒரே அடியில மூணும் விழும், எழுத்தும் மங்காது. கத்துறதைப் பொறுத்துக்கிட்டா போதும்.

முக்கியமா, பழைய மெஷினை மாத்துறப்ப, அது பக்கத்துல உக்காந்திருந்த ஆளோட பழக்கத்தையும் ஒவ்வொண்ணா ஏன்னு கேட்டுக்கோங்க. கெட்டா உடனே தெரியுற விஷயத்தை மெஷினே சொல்லிக் குடுத்துடும். ரெண்டு வருஷம் கழிச்சுக் கெடுற விஷயம் அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்ப ஆர்டர் எல்லாம் வாட்ஸப்ல வருது. போன் மாத்தினா, பேக்கப் எடுக்கலைன்னா, அதுவும் வெள்ளைத் தாள்தான். வழக்குன்னு போனா, 2024 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தோட 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் சேர்த்துக் குடுக்கணும். அதனால ஆர்டர் செய்தியை அன்னிக்கே பிரிண்ட் எடுத்து, அதுக்குப் பதிலா அவங்களுக்கு மெயில்ல ஒரு உறுதிக் கடிதமும் அனுப்பிடுறோம்.

ஆர்டர்ல இவ்வளவு உஷாரா இருந்தவன் பில்லுல கோட்டை விட்டதுதான் போன வாரம் நடந்தது. ஏன்னு யோசிச்சேன். பில் கொண்டு வர்ற டிரைவர் தம்பிகிட்ட, "அன்னிக்கே போட்டோ எடுத்து அனுப்பு, முக்கியமானதுக்கு ஜெராக்ஸ் போடு"ன்னு நானும் தினம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் தலையாட்டிட்டு, ரெண்டு நாள் அனுப்பி, மூணாம் நாள் விட்டுட்டான்.

இந்தத் திங்கக்கிழமை அவனைக் கூப்பிட்டு அந்தப் பதினோரு வெள்ளைப் பேப்பரையும் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல என்ன சார் இருந்துச்சு?"ன்னான். உக்கார வெச்சு, 2006 கதையை ஆரம்பிச்சேன்.

டிஸ்கி: வீட்டுல பத்திரப்படுத்தியிருக்கிற பிரிட்ஜ், மிக்ஸி வாரண்டி பில்லை இன்னிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எழுத்து இருந்தா உடனே ஒரு ஜெராக்ஸ். இல்லைன்னா... எங்க ஊர் பெருமாள் மேல பாரத்தைப் போடுங்க.