மேலே ஊத்துங்க பாஸ்!

"சோபா சாப்பிட்டேம்மா"ன்னு போன்ல சொன்னதும், "ஏன்டா, உட்கார்ற சோபாவையா?"ன்னு கேட்டாங்க அம்மா. நீங்களும் அதையேதான் கேட்பீங்க. அதனால முதல்லயே விளக்கிடறேன்.

ஜப்பான்ல சோபான்னா ஒரு நூடுல்ஸ். பக்வீட்னு ஒரு தானியத்தை மாவாக்கிச் செய்யறது. பேர்லதான் 'வீட்' இருக்கே தவிர, கோதுமைக்கும் அதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வட இந்தியாவுல நவராத்திரி விரதத்துக்கு 'குட்டு' மாவுல பூரி சுடுவாங்களே... அதே அயிட்டம்தான்!

நான் படிக்கிறது மட்சுயேங்கிற ஊர்ல. ஷிமானே மாநிலத்தோட தலைநகர். பக்கத்துல பெரிய ஏரி, நடுவுல 1611-ல கட்டி முடிச்ச கோட்டை, கோட்டையைச் சுத்தி அகழி, அக்கம்பக்கத்துல சோபா கடைகள். இங்கே கிடைக்கிறது 'இசுமோ சோபா'. ஜப்பானின் மூணு பெரிய சோபாக்கள்ல இதுவும் ஒண்ணு. 1638-ல மட்சுதைரா நவோமாசாங்கிற பிரபு மட்சுமோட்டோவிலிருந்து மட்சுயேவுக்கு மாற்றலாகி வந்தப்போ, கூடவே சோபா செய்யறவங்களையும் கூட்டிட்டு வந்தார்னு சொல்றாங்க.

இவ்வளவு பெருமை இருக்கிற ஊர்ல ஆறு மாசம் இருந்தும் நான் ஒரு சோபா கடைக்குள்ள கால் வச்சதில்லை. காரணம் சிம்பிள். பயம்! மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. உள்ளே போய் முழிச்சா அசிங்கமா போயிடுமேன்னு, பெட்டிக்கடை மாதிரி மூலைக்கு மூலை இருக்கிற சூப்பர் மார்க்கெட்ல அரிசி உருண்டை வாங்கித் தின்னே காலத்தை ஓட்டினேன். அம்மாகிட்ட மட்டும் தினமும் "நல்லா சாப்பிட்டேன்"னு ஒரு பொய்.

அந்தப் பயம் லேப்ல இன்னும் மோசம். ஜப்பானிய மொழியில 'ஹாய்'னா 'ஆமாம்'. 'நீங்க பேசறதைக் கேட்டுட்டிருக்கேன்'னும் அர்த்தம். சென்செய் (அதாவது எங்க புரொஃபசர்) என்ன சொன்னாலும் நான் "ஹாய்... ஹாய்..."னு தலையாட்டுவேன். பாதி புரியாது. திருப்பிக் கேட்டா 'இவனை எதுக்குடா எடுத்தோம்'னு நினைச்சுட்டா?

ஒருநாள் வயல்ல எடுத்த மண் சாம்பிள்களைக் காய வைக்கச் சொன்னார். "ஹாய்"னு சொல்லிட்டு, எல்லாத்தையும் 105 டிகிரி அவன்ல ராத்திரி முழுக்க வச்சுட்டேன். மறுநாள் குறிப்பேட்டைப் பார்த்தா... அவர் சொன்னது நிழல்ல, காத்தாட உலர்த்த! மண்ணுல எவ்வளவு ஈரம் இருக்குன்னு அளக்கத்தான் 105 டிகிரி. சத்து அளக்கிற மண்ணை அப்படிச் சுட்டா நுண்ணுயிர்கள் செத்து, நைட்ரஜன் கணக்கே மாறிடும். அது என் மண்ணும் இல்லை, சீனியர் ஒருத்தரோட ஆராய்ச்சிக்கானது. பார்க்க எல்லாப் பையும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. லேபிள் ஒட்டி ஷெல்ஃப்ல வச்சுட்டேன். யாருக்கும் தெரியாது.

நாலு நாள் தூக்கமே இல்லை. கேன்டீன்ல அந்த சீனியர் முகத்தைப் பார்க்க முடியாம, மதியம் வெளியே நடந்தேன். மழை பிடிச்சுது. ஒதுங்கின இடம்... சோபா கடை வாசல்! உள்ளே இருந்த பாட்டி கையசைச்சு கூப்பிட்டுட்டாங்க. அப்புறம் எங்கே ஓடறது?

பக்கத்து மேஜையைக் கை காட்டினேன். வந்தது 'வரிகோ சோபா'. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மூணு வட்டமான அரக்குப் பூச்சுப் பெட்டி. நம்ம ஊர் டிபன் கேரியர் மாதிரி, ஆனா உயரம் கம்மி. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் நூடுல்ஸ். தானியத்தை உமி நீக்காம அரைக்கிறதால நல்லா கறுத்த நிறம், தூக்கலான மண் வாசனை. பக்கத்துல துருவின முள்ளங்கி, வெங்காயத்தாள், கடல்பாசி. சின்னக் குடுவையில சாறு.

டோக்கியோ வீடியோக்கள்ல பார்த்திருக்கேன். சாறைக் கிண்ணத்துல ஊத்தி, நூடுல்ஸை அதுல முக்கிச் சாப்பிடணும். ஆனா கிண்ணத்தைக் காணோம்! எல்லாம் தெரிஞ்ச மாதிரி முள்ளங்கி வச்சிருந்த குட்டித் தட்டுலயே சாறை ஊத்தினேன். வழிஞ்சு மேஜையெல்லாம் ஓடுச்சு.

பாட்டி ஓடி வந்து மளமளன்னு ஏதோ சொன்னாங்க. வழக்கம் போல "ஹாய்"னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. சட்டைக் கை நனைஞ்சிருக்கு, இனிமே என்ன நடிப்பு? "வகரிமாசென்"னு சொன்னேன். எனக்குப் புரியலை. ஜப்பான் வந்து ஆறு மாசத்துல அந்த வார்த்தையை அன்னிக்குத்தான் சொல்றேன்!

பாட்டி சிரிக்கலை, திட்டலை. மேஜையைத் துடைச்சு, வேற குடுவை கொண்டு வந்து, நூடுல்ஸ் மேலேயே ஊத்திக் காட்டினாங்க. அட, இவ்வளவுதானா! பிச்சுப் போட்ட பரோட்டா மேல சால்னா ஊத்தித் தின்னு வளர்ந்த விருதுநகர்க்காரன் நான். எனக்குப் போய் இது தெரியாம போச்சே!

முதல் பெட்டி முடிஞ்சதும் மிச்ச சாறை ரெண்டாவதுல ஊத்தணும், அதுல மிஞ்சினதை மூணாவதுல. ஒரு சொட்டு வீணாகாது. உறிஞ்சிச் சாப்பிட்டாலும் யாரும் முறைக்க மாட்டாங்க. கடைசியா சோபா வேக வச்ச வெந்நீர் வந்துது. சாறு மிச்சத்துல அதைக் கலந்து குடிக்கணும். நம்ம வடிகஞ்சிக்கு ஜப்பான் தங்கச்சி!

நீங்க வந்தா ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. சாறுல பெரும்பாலும் மீன் இருக்கும், சைவக்காரங்க கேட்டுட்டுச் சாப்பிடணும். சிலருக்கு பக்வீட் ஒத்துக்காம உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடையை விட்டு வெளியே வந்தப்போ மழை விட்டிருந்துச்சு. நேரா சென்செய் ரூமுக்குப் போனேன். "மண்ணை அவன்ல வச்சுட்டேன். நீங்க சொன்னது புரியலை. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். நாலு நாளா மறைச்சுட்டேன்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சீனியரைக் கூப்பிட்டார். அவங்க முகம் சுருங்கினது நிஜம். ரெண்டு நாள் என்கிட்ட சரியா பேசலை. அதுவும் நியாயம்தானே? மூணாவது நாள் ரெண்டு பேரும் வயலுக்குப் போய் திரும்ப மண் எடுத்தோம். ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு ஆழம் தோண்டணும்னு சொல்லிட்டு, "புரிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க.

"இல்லை. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாங்க. மெதுவா. திரும்பி வரும்போது பாட்டி கடைக்கே கூட்டிட்டுப் போனேன். கிண்ணம் தேடி நான் முழிச்ச கதையைச் சொன்னதும் சீனியர் சிரிச்சாங்க. அவங்களுக்கு டோக்கியோ பக்கம். "முதல் தடவை நானும் கிண்ணம்தான் தேடினேன்!"

புது காலேஜ், புது வேலை, புது ஊர்... எங்கேயோ ஒரு இடத்துல நீங்களும் இப்போ தலையாட்டிட்டிருப்பீங்க. நாளைக்கே ஒரு தடவை "புரியலை"ன்னு சொல்லிப் பாருங்க. சட்டை நனையற வரைக்கும் காத்திருக்காதீங்க!