அட்டையின் பின்புறம்

கொடைக்கானலில் நீபோ குன்றை ஒட்டிப் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் முதன்முதலாக வீடு கட்டிக் குடியேறிய பகுதி அது. சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் காலராவும் தம்மவரைக் கொண்டுபோகக் கண்டுதான் அவர்கள் ஏழாயிரம் அடி உயரத்திற்கு ஏறி வந்தார்கள். பளியர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலைகளில் வாழ்ந்தார்கள் என்பது வேறு செய்தி. இந்நகரம் பிறந்தது என்னவோ, அந்நிய மண்ணில் நோய்வாய்ப்பட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில்தான்!

அதே அச்சத்தை, திசை மட்டும் மாறி, நம் வீட்டிலும் அனுபவித்தோம். மூஞ்சிக்கல்லில் மலைப்பூண்டு வியாபாரம் செய்யும் நம் தம்பியின் மகன், பரிமாற்ற மாணவனாக ஓராண்டுப் படிப்புக்கு அமெரிக்கா புறப்பட்டான். அவனுக்குக் கிடைத்த ஜே-1 விசாவின் விதிப்படி மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். "மார்க்கத்தில் இது கூடுமா?" என்று அத்தா கேட்டார்கள். மலேசியாவில் 1984ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றிய தகாஃபுல் முறையை எடுத்துச் சொன்னோம். பையன் போவதோ மலேசியாவுக்கு அல்லவே! சட்டம் கட்டாயப்படுத்தும்போது அவன் என்ன செய்வான் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்ன பிறகே அத்தா அமைதியடைந்தார்கள்.

கீழே சமவெளி ஊர் ஒன்றில் ஏஜெண்டு ஒருவர் மலிவான பாலிசி ஒன்றைத் தலையில் கட்டினார். பையனுக்குச் சிறு வயது முதல் இரைப்பு உண்டு. பழைய நோய்களுக்குப் பணம் இல்லை என்பது அதில் பொடி எழுத்தில் கிடந்தது. பல்கலைக்கழகமும் அதை ஏற்கவில்லை. கட்டிய பணம் போயிற்று. பின்னர் அவர்களுடைய திட்டத்திலேயே சேர்ந்தான்.

அதன்பிறகுதான் நாம் விதிகளை உட்கார்ந்து படித்தோம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பு. நோயாளியை மருத்துவ உதவியோடு தாய்நாடு சேர்க்க 50,000. இறந்தால் உடலை அனுப்பிவைக்க 25,000. இந்தக் கடைசி வரியை மட்டும் அத்தாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

சென்று நான்கு மாதம் ஆகியிருக்கும். அவனுக்கு நள்ளிரவு, நமக்கு முற்பகல், கடையில் பூண்டு மூட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரம். தொலைபேசியில் அழைத்தவன், வயிற்று வலிக்குக் கைவைத்தியம் கேட்டான். எத்தனை நாளாக என்றோம். இரண்டு நாளாம்! டாக்டரிடம் போகவில்லையா என்றதற்கு அவன் சொன்ன பதில் இன்றும் நெஞ்சை அறுக்கிறது: "போனால் பில் வரும், பெரியத்தா."

சட்டைப்பையில் இன்ஷூரன்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு சொல்கிறான்! அட்டையைத் திருப்பிப் படி என்றோம். எந்நேரமும் செவிலியரோடு பேசுவதற்கான எண் பின்புறத்தில் இருந்தது. பேசினான், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். விடிவதற்குள் குடல்வால் அறுவை முடிந்தது. இன்னும் ஒரு பகல் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றாராம் டாக்டர்.

மூன்று வாரம் கழித்துக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, அறுவை டாக்டருக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒன்று. ஆயிரக்கணக்கில் தொகை போட்டு, 'இது பில் அன்று' என்றும் அச்சடித்த தாள் ஒன்று வேறு! பில் அன்றெனில் ஏன் அனுப்புகிறார்கள்? இன்ஷூரன்ஸ்காரர் எவ்வளவு கொடுத்தார், நாம் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கணக்குக் காட்டும் தாள் அது என்பது பிறகு விளங்கியது. முதல் 500 டாலர் நம் கைப்பணம். அதற்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். அதன் மேல் நூற்றுக்கு இருபதும் நம் பங்கு. ஒரு பருவத்துப் பூண்டு லாபம் அதில் கரைந்தது. தம்பி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கை முன்பே மகனுக்குச் சொல்லி அனுப்பாததற்குத்தான் வருந்தினான், நாமும் வருந்தினோம்.

பிரிட்டனுக்குப் போகும் மாணவன், 2024 பிப்ரவரி முதல், ஆண்டுக்கு 776 பவுன் வீதம் விசாவோடு கட்டிவிட்டால் அந்நாட்டாரைப் போலவே அரசு மருத்துவம் பெறுகிறான். வலி வந்த இரவில் அவனுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் இல்லை.

பையன் நலமாகத் திரும்பினான், அல்ஹம்துலில்லாஹ். அவனுடைய காகிதக் கட்டை அத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருநாள் முழுதும் புரட்டினார்கள். நாம் மறைத்த 25,000 டாலர் வரி கண்ணில் பட்டுவிட்டது. மையித்தை இறந்த ஊரிலேயே அடக்கிவிடலாமே, அந்தப் பணத்தை உயிரோடு இருப்பவனின் வயிற்று வலிக்குச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள்.