தலைப்பெழுத்து

தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து குடியேறிய நம்மவர் எல்லோருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. பெயரைச் சொன்னவுடன், "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்பார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? தந்தையின் பெயருக்குரிய தலைப்பெழுத்து ஒன்றுதான் உண்டு. அதை விரித்தெழுதிக் கொடுத்துவிடுகிறோம். அன்று முதல் அலுவலகத்தில் நம்மை அழைப்பவர்கள் யாவரும் உண்மையில் நம் தந்தையையே அழைக்கிறார்கள். தில்லியில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எங்கள் இல்லத்தில் இது நெடுநாள் ஒரு வேடிக்கையாகவே இருந்து வந்தது. அதில் வேடிக்கைக்கு மேலும் ஏதோ உண்டென்று எங்களுக்கு உணர்த்தியது ஒரு கார்ப் பந்தயம்.

2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. நுழைவுச்சீட்டு வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே, வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கண்டோம். நம் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் மிக வலுக்குறைந்த அணி ஒன்றின் காரை ஓட்டிப் பதினேழாவதாக வந்தார். தம் அணியின் மற்றோர் ஓட்டுநரான டேனியல் ரிக்கியார்டோவுக்கு அவர் முன்னே வந்தது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அப்போது ஐந்து வயதாயிருந்த எங்கள் மகன் திரையில் ஓடிய பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அவர் பெயர் நரேன் என்றீர்களே, கார்த்திகேயன் என்று போட்டிருக்கிறதே?" என்றான். அது அவருடைய அப்பாவின் பெயர் என்றோம். "அப்படியானால் வண்டியை ஓட்டுவது அப்பாவா?" என்று கேட்டான்.

சிரித்தோம். ஆனால் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, குழந்தை கேட்டது முற்றிலும் தவறில்லை என்று தோன்றியது. நரேனின் தந்தை தேசிய ராலிச் சாம்பியனாக விளங்கியவர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். கார் என்பது அவ்வீட்டில் ஊர்தி மட்டுமன்று, அன்றாடப் பேச்சுமாகும். அதே கோவையில் எஸ். கரிவரதன் என்பவர், மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு பந்தயக் கார்களை உருவாக்கினார். அவை ஓடிய ஃபார்முலா மாருதிப் போட்டியே நம் நாட்டு இளைஞர் பலருக்கு முதற்படியாயிற்று. 1977இல் பிறந்த நரேன், ஸ்ரீபெரும்புதூர் ஓடுதளத்தில் தாம் கலந்துகொண்ட முதற் பந்தயத்திலேயே முதல் மூவருள் ஒருவராக நின்றார். 1992இல் பிரான்சு நாட்டின் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குச் சென்றார். 1994இல் இங்கிலாந்தின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரையும், 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தையும் வென்றார். எனினும் 2005இல்தான் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன் இருக்கை கிட்டியது. வின்ஃபீல்டுக்கும் அந்த இருக்கைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! அத்தனை காலமும் ஒரு குடும்பம் தளராமல் உடன் நிற்பதென்றால், அதற்குப் பொருளும் வேண்டும், அதனினும் மேலாக நெஞ்சுரமும் வேண்டும்.

இதனை நாங்கள் ஏட்டில் மட்டும் அறிந்தவர்களாக இருந்திருப்போம். 2018இல், பன்னிரண்டு வயது மகனின் பிறந்தநாளுக்காகக் குருகிராமில் ஒரு கார்ட் ஓடுதளத்திற்கு அவனை அழைத்துச் சென்றோம். பத்து நிமிட ஓட்டத்திற்குச் சில நூறு ரூபாய் கட்டணம். கார்ட் என்பது பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போன்றது. ஆனால் அதில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில் கிடையாது. தரையின் ஒவ்வொரு மேடும் ஓட்டுபவனின் விலா எலும்பில் வந்து மோதும். பின் அச்சு ஒரே இரும்புத் தண்டாகையால், வளைவில் உட்பக்கச் சக்கரம் சற்றே மேலெழுந்தால்தான் வண்டி இலகுவாகத் திரும்பும். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை அழுத்தி முடித்து, பொறுமையாக வளைந்து, வெளியேறும்போது விசையை மிதிக்க வேண்டும். யாரும் சொல்லித் தராமலே இவற்றைக் கண்டுகொண்டான் எங்கள் மகன். அங்கிருந்த மெக்கானிக் எங்களிடம் வந்து, "பையனுக்குக் கை இருக்கிறது" என்றார். அந்த ஒரு சொல் எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது.

ஓராண்டுக் காலம் மாதம் இருமுறை சென்றோம். வாடகைக் கார்ட் போட்டிகளில் மூன்று முறை பரிசு பெற்றான். அடுத்த படி, சொந்தக் கார்ட் வாங்கித் தேசியப் போட்டியில் ஓட்டுவது. வண்டி, எஞ்சின், ஒவ்வொரு பந்தயத்திற்கும் புது டயர், தென்னாட்டுப் பயணம் என்று ஓர் இரவு கணக்கெழுதிப் பார்த்தோம். எங்கள் ஓராண்டுச் சம்பளம் ஒரு பருவத்திற்குப் போதாது. வருங்கால வைப்பு நிதியில் கல்விக்குப் பணம் எடுக்கலாம், நோய்க்கு எடுக்கலாம், திருமணத்திற்கு எடுக்கலாம். பந்தயம் என்ற காரணம் விதிகளில் இல்லை. தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதை வள்ளுவர் வகுத்துரைத்தார், ஆனால் அவர் சொன்னது அவையை, ஓடுதளத்தை அன்று.

இயலாது என்று மகனிடம் கூறினோம். கணக்கெழுதிய தாளையும் காட்டினோம். அவன் அழவில்லை, தாளை மடித்துத் திருப்பித் தந்தான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஓட்டாவிட்டாலும் அங்கே போகலாமா?" என்று கேட்டான். அன்று முதல் ஞாயிறுதோறும் அந்த மெக்கானிக்கின் அருகில் அமர்ந்து சங்கிலிக்கு எண்ணெய் இடவும், டயரின் காற்றழுத்தம் பார்க்கவும் கற்றுக்கொண்டான்.

இன்று அவன் பொறியியல் மாணவன். 2025 சனவரியில், தன் கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய காருடன் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கோவைக்குச் சென்றான். போட்டி நடந்த இடம், 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி ஓடுதளம். அவன் ஓட்டுநன் அல்லன். முதலாண்டு மாணவனாகையால் சக்கரம் கழற்றி மாட்டும் பணி. கையெல்லாம் கறுத்த எண்ணெயுடன் நிற்கும் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தான். மார்பில் தொங்கிய அடையாள அட்டையை உருப்பெருக்கிப் பார்த்தோம். அவன் பெயர் இல்லை. வடநாட்டு வழக்கப்படி எங்கள் பெயர்தான் இருந்தது.

அன்று மறுத்தது சரியா, தவறா என்று எங்களுக்கு இன்றும் தெளிவில்லை. கடன் வாங்கியாவது ஒரு பருவம் ஓடவிட்டிருக்கலாமோ என்று சில இரவுகளில் பேசிக்கொள்கிறோம். நரேனின் தந்தையால் தம் மகனுக்கு வழிகாட்டவும் முடிந்தது, வண்டி தரவும் முடிந்தது. எங்களால் இயன்றது, உண்மையைச் சொன்னதும் ஞாயிறுதோறும் உடன் சென்றதும் மட்டுமே. ஆயினும், நாங்கள் வாங்கித் தராத ஒரு வண்டியின் அருகில் எங்கள் பெயரை அணிந்துகொண்டு அவன் நிற்கிறான். தலைப்பெழுத்தின் பாரம் எத்தகையது என்பதை அந்தப் படத்தைக் கண்ட பின்னரே அறிந்தோம்.