எட்டு மாதப் பெட்டை

நாய் கேட்டு வருகிறவர்களில் பலர் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே கேட்பார்கள்: "ரீச்சர், கடுவன் குட்டி இருக்கோ?" இருந்தால் இறங்குவார்கள். இல்லையென்றால், "வந்தால் ஒருக்காச் சொல்லுங்கோ" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். படலைக்கு உள்ளே தகர வேலியை வாலால் தட்டிக்கொண்டு நிற்கிற எட்டு மாதப் பெட்டையை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. அதற்குப் பெயர் ஜூலி.

ரீச்சரின் வளவு, பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற கிரவல் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் கனடாவில். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடு. பின்னால் பழைய தகரம் அடித்து எழுப்பிய நீளக் கொட்டில், சுற்றிக் கம்பி வலை. பெயர்ப்பலகை கிடையாது. "நாய் ரீச்சர் வீடு" என்றால் ஊரில் யாரும் வழிகாட்டுவார்கள். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் நண்பன் மிஞ்சிய சோற்றையும் மீன் தலைகளையும் வாளியில் கட்டித் தருவான். வீட்டுக்குப் போகிற வழியில் அதை இறக்கிவிடுவது என் வேலை. வாளிச் சத்தம் கேட்டதும் கொட்டில் முழுவதும் எழும்பும். ஜூலி கொஞ்சம் பிந்தித்தான் வரும். முதலில் ரீச்சரின் முகத்தைப் பார்க்கும், பிறகுதான் வாளியை. மற்றவை சோற்றுக்குள் முகத்தைப் புதைத்த பிறகு பக்கவாட்டில் நுழைந்து, ஒரு மீன் தலையை மெல்ல இழுத்தெடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடும். செவலை நிறம், பாதம் நான்கும் வெள்ளை. இடது காதில் புழு வைத்து ஆறிய வடு. அதனால் அந்தக் காது மடிந்தே கிடக்கும், மற்றது நிமிர்ந்து நிற்கும்.

போன மாரியில் வைரவர் கோயிலடியில் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் ஐந்து குட்டிகள் கிடந்தன. ஐந்தும் பெட்டை. ஒரு தாய் ஐந்து பெட்டைகளை மட்டும் ஈன்றிருக்கலாம்தான். கடுவன்களை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொண்டுவந்து விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். வன்னியில் பெரிய மரம் ஒன்று நிழல் விரித்தால் அதனடியில் ஒரு சூலமும் ஒரு வைரவரும் இருப்பார்கள். நாய் அவருடைய வாகனம் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வடைமாலை சாத்துகிற கைதான் இருட்டியபின் பெட்டியையும் வைத்துவிட்டுப் போகிறது. கொல்லவில்லை, உரியவரிடமே ஒப்படைத்துவிட்டோம் என்று ஓர் ஆறுதல். வைரவருக்கு வாகனம் ஒன்று போதும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அந்த ஐந்தில் இரண்டு மழையிலேயே செத்தன. ஒன்று வீதியில் அடிபட்டது. ஒன்றை விசுவமடுப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கொண்டுபோனார். மிஞ்சியது ஜூலி. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கணக்கும் அல்ல. மேற்கு வங்காளத்தில் அனிந்திதா பத்ராவும் அவரோடு வேலை செய்தவர்களும் தெருவில் பிறந்த 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்து, 2016 இல் முடிவை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதுவரை தப்பியவை நூற்றுக்கு 19. செத்தவற்றில் நூற்றுக்கு 63 க்கு ஏதோ ஒரு வழியில் மனிதரே காரணம்: வாகனம், அடி, நஞ்சு, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போதல். அப்படியென்றால் எட்டு மாதம் தாண்டிய ஊர் நாய், ஐந்து பேரில் நாலு பேர் பெயிலாகிற சோதினையில் பாஸ் பண்ணியது. ஆனால் அந்தச் சேட்டிபிக்கற்றை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை.

பெட்டையை ஏன் வேண்டாமென்கிறார்கள்? காரணம் இல்லாமலில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பருவத்துக்கு வரும். வருடத்தில் இரண்டு தரம் வரலாம். வந்தால் ஊர்க் கடுவன் எல்லாம் படலையடியில். 63 நாள் கழித்து இன்னுமொரு பிஸ்கற் பெட்டி தேடவேண்டும். இதற்கு மருந்து ஒரு கருத்தடைச் சத்திரசிகிச்சை. நல்ல கையால் செய்தால் பத்து நாளில் தையல் ஆறிவிடும். ஜூலிக்குச் செய்தாயிற்று, காது நுனியில் அதற்கான சின்ன வெட்டும் இருக்கிறது. அதைக் காட்டிச் சொன்னாலும் வருகிறவர்கள், "எண்டாலும் பெட்டை எல்லோ" என்பார்கள். ரீச்சருக்கு அப்போதுதான் பழைய வகுப்பறைக் குரல் வரும். "ஏன், பெட்டையெண்டால் கள்ளனைப் பாத்துக் குலைக்காதோ?"

மகாவம்சத்தில் விஜயன் கரையிறங்கும் கதையில் ஒரு நாய் வருகிறது. இயக்கி ஒருத்தி நாயுருவம் எடுத்து அவனுடைய ஆட்களுக்கு முன்னால் போகிறாள். நாய் தெரிந்தால் பக்கத்தில் ஊர் இருக்கவேண்டும் என்று எண்ணி ஒருவன் பின்தொடர்கிறான். அந்த நாயும் பெட்டைதான். மகாவம்சத்தோடு எங்களுக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம், ஆனால் நாயையும் ஊரையும் பற்றிய அந்தக் கணக்கில் பிழை பிடிக்க முடியாது. காட்டில் தனியே வாழ ஊர் நாய்க்குத் தெரியாது. அடுப்பு எரிகிற இடம், மீன் கழுவுகிற இடம், பிள்ளைகள் பாண் துண்டு சிந்துகிற இடம், இதுதான் அதன் நாடு.

அந்தக் கணக்கு இங்கே ஒரு தடவை உடைந்தது. 2008 கடைசியில், போர் நெருங்க, கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் கிழக்கே நகரத் தொடங்கியது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று இதே வீதியால் உழவு மெசினிலும் சைக்கிளிலும் போனார்கள். கூரைத் தகரம், கதவு நிலை, நெல் மூட்டை, எல்லாம் ஏறின. நாய்கள் ஏறவில்லை. ரீச்சர் தன் நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தவர். கழற்றாமல் வந்தவர்களும் இருந்தார்களாம். அதைப் பற்றி அவர் அதற்குமேல் பேசுவதில்லை. மே 2009 க்குப் பிறகு செட்டிகுளம் முகாம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வளவில் வேறு நாய்கள் நின்றன, ஊர் இருக்கவில்லை. "ஆற்றை நாய் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. நான் சோறு வைச்சன்" என்றார். கொட்டில் தொடங்கிய கதை அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெடியன் கம்பி வலையைப் பார்த்துவிட்டு, "முகாம் மாதிரி இருக்கு அன்ரி" என்று சொன்னபோது நானும் நின்றேன். ரீச்சருக்கு முகம் மாறியது. "அப்பிடிச் சொல்லாதையும் தம்பி. அங்கை நாங்கள் ஏன் உள்ளுக்கை இருக்கிறம் எண்டு எங்களுக்குத் தெரியும். இதுகளுக்கு இஞ்சை இரவிலை வீதிக்குப் போகாமல் இருக்கத்தான் வலை." இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கம்பிக்குள் இருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது. அந்த அனுபவத்தை நாய்க்கொட்டிலுக்கு உவமையாக்கினால் இரண்டுக்கும் அநியாயம். மனிதர் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அறிந்து காத்திருந்தார்கள். ஜூலிக்கு அப்படி எதுவுமில்லை. யாரோ வந்து தன்னைக் கூட்டிப்போவார்கள் என்று அது எண்ணுவதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ரீச்சர் இருக்கிறார், வேப்பமரம் இருக்கிறது, வாளி வருகிறது. காத்திருப்பது ரீச்சர்தான். எழுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் நோகிறது. தனக்கு ஒன்று நடந்தால் இவை திரும்பவும் வீதிக்குத்தான் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விசயம்.

கட்டாக்காலி நாயைப் பற்றி அரசாங்கமும் யோசிக்காமலில்லை; யோசித்த விதம்தான் மாறியது. விசர்நாய்க் கட்டளைச் சட்டம் 1893 இல் வந்தது, நாய்களைப் பதியும் சட்டம் 1901 இல். மிருகவதைச் சட்டம் 1907; அன்று எழுதிய உச்ச அபராதம் 100 ரூபா. நாய் பிடிகாரர் வண்டியோடு வந்து சுருக்குப் போட்டு இழுத்த காலத்தை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தப் பயத்துக்கும் அடிப்படை இருந்தது: 1973 இல் இலங்கையில் விசர்நாய்க் கடியால் 377 பேர் இறந்தார்கள். பிறகு தடுப்பூசி பரவி, சாவு பத்துகளின் கணக்குக்கு இறங்கியது. 2006 இல் நாய்களைக் கொல்வதில்லை என்று அரசாங்கம் கொள்கை வகுத்தது. ஊசியும் கருத்தடையும்தான் வழி என்றானது. கொல்லாமல் விட்டது நல்ல முடிவு. கொல்லாமல் விட்ட நாய் எங்கே போய் இருப்பது என்ற கேள்வி மட்டும் ஊருக்கே வந்து சேர்ந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனையிறவைத் தாண்டினால் இயக்கச்சி. கிளிநொச்சி மாவட்டத்தின் வடக்கு முனைப் பக்கம். அங்கே ஆறு. திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் அமைத்தது. கோண்டாவிலில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலையும் நாவற்குழியில் அருங்காட்சியகமும் நடத்துகிற அதே அறக்கட்டளை. கோயிலோடும் சமயப் பேச்சோடும் அறியப்பட்ட ஒருவர் தெருநாய்க்கு இடம் ஒதுக்கியபோது, "மனிசருக்கே இல்லை, நாய்க்கோ" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்கிறவரின் வளவில் மனிசரும் குடியிருப்பதில்லை, நாயும் நிற்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். தெற்கே எம்பார்க் போன்ற அமைப்புகள் ஊர் நாய்களையே வளர்க்கக் கொடுக்கின்றன. ஆயினும் எத்தனை சரணாலயம் கட்டினாலும், உள்ளே வருகிற வேகத்தில் வீடுகளுக்குப் போகாவிட்டால் ஒருநாள் படலையை மூடத்தான் வேண்டிவரும்.

ஆகவே ரீச்சர் கொடுக்கப் பார்க்கிறார். ஆனால் கண்டபடி கொடுக்கவும் மாட்டார். வருகிறவரை மாமரத்தடிக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, கேள்வி கேட்பார். கட்டியே வைப்பீர்களா? வீட்டில் வேறு நாய் உண்டா? கலியாணம், செத்தவீடு என்று நாலு நாள் போனால் ஆர் சோறு வைப்பது? காட்டுப் பக்கத்து இளைஞர்கள் என்றால் இன்னுமொரு கேள்வி சேரும்: "உடும்புக்கோ?" உடும்பு பிடிக்கவும் பன்றி துரத்தவும் நாய் பழக்குவது வன்னியில் பழைய வித்தை; உடும்பு பிடிப்பது இப்போது சட்டத்துக்கும் விரோதம். பன்றியின் கொம்பு கிழித்த வயிற்றோடு வந்த நாய்க்கு அவர் மஞ்சள் வைத்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். "இல்லை ரீச்சர், சும்மா காவலுக்கு" என்று சிரிக்கிறவனை, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் கொஞ்ச நேரம் பார்ப்பார். அவன் பிளேன்ரீயை முடிக்காமலே எழும்பிவிடுவான்.

மற்றவர்கள் சொல்லுகிற நியாயம், "குட்டியிலை எடுத்தால்தான் ஒட்டும்" என்பது. அதில் பாதி உண்மை. ஸ்கொட், புல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருடம் குட்டிகளைக் கவனித்து 1965 இல் ஒரு பெரிய நூல் எழுதினார்கள். மூன்றாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடையில் மனிதக் கையைப் பழகாத குட்டி, பிறகு மனிதரை நம்பச் சிரமப்படும் என்பது அவர்களின் முடிவுகளில் ஒன்று. ஆனால் அந்தப் பருவத்தில் பழகவேண்டியது மனிதக் கைதான்; இந்த இன்னாரின் கை என்ற கட்டாயம் இல்லை. ஜூலி அந்தக் கிழமைகளை ரீச்சரின் மடியிலும் அடுப்படியிலும் கழித்தது. வேறொரு வீட்டுக்குப் போனால் சில நாள் படலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும், சோற்றை மணந்துவிட்டு விடும். பிறகு அந்த வீட்டு நாயாகிவிடும்.

குட்டி எடுப்பது சீட்டுக் குலுக்குகிற வேலை. பெட்டிக்குள் உருண்டு திரிகிற அந்த ஐந்தில் எது கோழி பிடிக்கும், எது செருப்புக் கடிக்கும், எது வெடிச் சத்தத்துக்கு வீட்டைவிட்டு ஓடும் என்று வைரவருக்கும் தெரியாது. எட்டு மாதப் பெட்டையைப் பற்றிக் கேட்டால் ரீச்சர் மணித்தியாலக் கணக்கில் சொல்வார். ஜூலி கோழியைத் திரும்பிப் பார்க்காது. குரங்கு வந்தால் மரத்தடியில் நின்று விடாமல் குலைக்கும். கச்சான் போட்டவர்களுக்கு அது பெரிய உபகாரம். திருவிழா வெடிக்குக் கட்டிலுக்குக் கீழே போய்விடும். தெரியாதவர் வந்தால் இரண்டு தரம் குலைத்துவிட்டு வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கும். கருத்தடை முடிந்தது, விசர் ஊசி போட்டாயிற்று, கருவாடென்றால் உயிர். வீட்டுத்திட்ட வீட்டில் தனித்துக் கிடக்கிற கிழவன் கிழவிக்கு இதைவிடத் தோதான துணை எந்தப் பிஸ்கற் பெட்டிக்குள்ளும் கிடைக்காது. நாய் தேடுகிறவர்கள் அடுத்த முறை மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, பிளேன்ரீயையும் குடித்து முடித்து, "வளர்ந்த பெட்டை இருக்கோ?" என்று கேட்டுப் பார்க்கட்டும். ரீச்சரின் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லவேண்டிவரும். அவர்களுடைய கேள்விகளுக்கெல்லாம் ரீச்சரிடம் பதில் இருக்கிறது.