பனி பார்க்கப் போன வாப்பா

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாப்பா எழுதச் சொன்னார், எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

கனடாவில் இருக்கும் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். முழங்கால் அளவு பனியில், காலில் தட்டு மாதிரி அகலமாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு மலையில் நடக்கிறான். பனிச்சப்பாத்தாம். உடம்பின் பாரம் அகலமான பரப்பில் பரவுவதால் கால் புதையாது. வகுப்பில் அமுக்கம் படிப்பிக்கும்போது நாங்கள் சொல்லிக் கொடுக்கும் அதே கணக்குத்தான். வாப்பா போனை வாங்கி மூன்று தடவை பார்த்தார். பிறகு சொன்னார்:

"நம்மட மலையிலயும் இப்ப பனி கொட்டுற காலந்தானே மகன். ஒருக்கா மேல கூட்டிட்டுப் போங்க."

வாப்பாவுக்கு 72 வயது. எதையும் வாய் திறந்து கேட்கிறவர் அல்ல. மருந்து முடிந்தால்கூட நாங்களாகப் பார்த்தால்தான் தெரியும். அதனால் தைப்பொங்கல் விடுமுறையில் போவதென்று முடிவெடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படுத்தோம். விடியும் முன்பே வேனில் கிளம்பினோம், வாப்பாவும் நாங்கள் இருவரும். வானத்தில் ஒரு முகில் இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. "இண்டைக்குப் பனி இருக்கு" என்றார் வாப்பா.

அவர் சொன்னது சரிதான். நுவரெலியாவில் 'ஸ்நோ' விழுந்தது என்று ஒவ்வொரு வருடமும் படம் போடுகிறோம். அது ஸ்நோ அல்ல. ஸ்நோ முகிலில் உருவாகி மேலிருந்து விழுவது. நம்முடையது துகள் உறைபனி. முகில் இல்லாத, காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்து போகும். பாரமான குளிர்காற்று பள்ளங்களில் போய்த் தேங்கும். அங்கே காற்றிலுள்ள நீராவி புல்லின் மேலேயே பனிக்கட்டியாகிவிடும். முகில் ஒரு கம்பளி மாதிரி, அது இல்லாத இரவில் தரை விறைத்துப்போகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

பட்டிப்பொல தாண்டி வேனை நிறுத்திச் சுபஹ் தொழுதோம். போத்தல் தண்ணீரில் வுழூ செய்தபோது விரல்கள் எங்களுடையவை போலவே இல்லை. வாப்பா மட்டும் நிதானமாக, ஒரு உறுப்பும் விடாமல் கழுவினார்.

ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பைகளைச் சோதித்து, பொலித்தீனையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நல்ல காரியம். 1988இல் தேசியப் பூங்காவான இடம் அது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையிலும் சேர்ந்தது. நம் ஊரைத் தாண்டி ஓடும் ஆக்ரா ஓயா அந்த மலைகளில்தான் பிறக்கிறது. அதுதான் கொத்மலை ஓயாவாகி மகாவலியில் கலக்கிறது. நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரின் தலைமாடு அது. டயகமவுக்கு மேலே, மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் கேட்டால், போய்ப் பார்த்த பிள்ளைகள் இரண்டு மூன்று கைகள்தான் உயரும்.

உள்ளே போனதும் பேச்சு வரவில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புத் தூவினது போல. மிதித்தால் நொறுங்கும் சத்தம். தூரத்தில் ஒரு மரை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. நாங்கள் படமெடுத்தோம், தம்பிக்கு வீடியோ எடுத்தோம். "வாப்பா, சிரிங்க" என்றோம். வாப்பா சிரிக்கவில்லை. குனிந்து, பனி பிடித்த புல்லை ஒரு பிடி கையில் எடுத்து, அது தண்ணீராகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

உலக முடிவு பார்த்துத் திரும்ப சுமார் 9 கிலோமீற்றர் நடக்க வேண்டும். வாப்பாவின் முழங்கால் ஒரு கிலோமீற்றர்கூடத் தாங்கவில்லை. ஒரு கல்லில் உட்கார வைத்து, பிளாஸ்கில் இருந்த பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தோம். அப்போதுதான் சொன்னார்.

ஊரில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வாப்பா கடை போடும் முன்பு பொட்டணி வியாபாரம் செய்தவர். துணி மூட்டையை முதுகில் சுமந்து லயம் லயமாக ஏறி இறங்கினவர். சாமான் கடனுக்கு. சம்பள நாளில் போய்த் தவணை வாங்குவார். 1970களின் நடுப்பகுதி, வாப்பாவுக்கு இருபது வயதிருக்கும். மாவும் பாணும் அரிசியும் தட்டுப்பாடாகி, தோட்டங்களில் சனம் பட்டினி கிடந்த காலம். டயகமப் பக்கம் ஒரு லயத்தில், கடைசிக் காம்பராவில் ஒரு அம்மா கைப்பிள்ளைக்கென்று கம்பளி ஒன்று வாங்கியிருந்தார். இரண்டு தவணை கட்டினார். பிறகு மாசியில் இப்படித்தான் பனி கொட்டியது. பள்ளத்து மலையெல்லாம் கொழுந்து கருகிப் போனது. கொழுந்து இல்லாவிட்டால் பேர் ஏது? பேர் இல்லாவிட்டால் சம்பளம் ஏது?

"நான் போன நாள் அவங்க வாசல்ல நிண்டாங்க மகன். அடுத்த மாசம் தாறேன் பாய் எண்டாங்க. எனக்கும் டவுன் முதலாளிக்குக் குடுக்க வேண்டி இருந்திச்சி. நான் கம்பளியத் திருப்பி வாங்கிட்டு வந்திட்டேன். புள்ளட மேல இருந்துதான் எடுத்துத் தந்தாங்க. ஒரு வார்த்த ஏசல்ல."

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்களும்.

அடுத்த மாதமே மனம் கேட்காமல் அந்தக் கம்பளியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். காம்பரா பூட்டிக் கிடந்ததாம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று எண்ணிக்கை போட்டது. அந்த எண்ணிக்கைக்குள் அந்தக் குடும்பமும் போய்விட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார்கள் என்று பக்கத்துக் காம்பராவில் சொன்னார்களாம். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

"அல்லாஹ்ட ஹக்க அவன் மன்னிப்பான் மகன். மனுசர்ட ஹக்க மனுசர்தானே மன்னிக்கணும். நான் யார்ட்டப் போய்க் கேக்க?"

நாங்கள் பாடம் நடத்துகிறவர்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. வெயில் ஏற ஏற எங்கள் கண் முன்னாலேயே வெள்ளை மறைந்து, புல் மறுபடி பழுப்பாகிக்கொண்டிருந்தது. நாங்கள் படம் பிடிக்க ஓடி வந்த அதே பனி கீழே யாருடைய மலையில் எவ்வளவு கொழுந்தைக் கருக்கியதோ, யாருடைய உருளைக்கிழங்குப் பாத்தியைக் கருக்கியதோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. இத்தனை வருடமாக இந்த ஊரில் படிப்பிக்கிறோம். பனிக்காலத்தில் பிந்தி வரும் பிள்ளைகளை எத்தனை தடவை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். சுவெட்டர் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வேனில் திரும்பும்போது வாப்பா இரண்டு காரியம் சொன்னார்.

ஒன்று, தான் ஹஜ்ஜுப் பெருநாளைக்கென்று சேர்த்து வைத்திருக்கும் காசில் டயகமப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுவெட்டர் வாங்கிக் கொடுக்க வேண்டும். "தர்மம் எண்டு சொல்லாதீங்க. கடன் எண்டு சொல்லுங்க" என்றார். எத்தனை வருமோ தெரியாது, இன்ஷா அல்லாஹ் இந்த மாதமே ஆரம்பிக்கிறோம். படம் எடுக்க மாட்டோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்த மாட்டோம்.

இரண்டாவது, இந்தப் பதிவு. நம் ஊர்க்காரர் பலருக்கு நீலகிரியிலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் சொந்தம் இருக்கிறது. போனில் பேசுகிறீர்கள். பேசும்போது கேட்டுப் பாருங்கள்: டயகமவில் கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள், பனிக்காலத்தில் ஒரு பாய் வந்து கைப்பிள்ளையின் கம்பளியைத் திருப்பி வாங்கிப் போனார் என்று தாய் சொல்லிக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா? அந்த அம்மாவின் பெயர் வாப்பாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பொதுவில் எழுத வேண்டாம் என்றார். தெரிந்தவர்கள் எங்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

அந்தக் கைப்பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அவர் இருந்தால், வாப்பா அவரோடு பேச வேண்டும். கம்பளி அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. வாப்பா அதை விற்கவும் இல்லை, ஒரு நாளும் போர்த்தவும் இல்லை.

துஆ செய்யுங்கள்.