முன் வரிசைக்கு என்ன விலை?

மேடைக்குப் பக்கத்தில் உட்கார ஏன் சிலர் பத்து மடங்கு காசு கொடுக்கிறார்கள்? பி.காம். படிக்கிறவனிடம் பதில் ரெடி. இருக்கை கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், விலை ஏறும். அவ்வளவுதான்.

ஆனால் ரசிகனின் கணக்கு வேறு. போன வருஷம் ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்கு இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டில் போனேன். பாடகர் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தார். மூணு மணி நேரமும் பெரிய திரையைப் பார்த்தபடியே போனது. கூட வந்த நண்பன் அடுத்த முறை முன்னாடி உட்காரணும் என்று டியூஷன் எடுத்துக் காசு சேர்க்கிறான். உச்சஸ்தாயியில் பாடும்போது அவர் கண்ணை மூடுகிறாரா என்று பார்க்கணுமாம். சிரிக்காதீங்க, எனக்கும் அந்த ஆசை உண்டு :)

இந்த ஆசை வியாபாரிகளுக்கு நன்றாகவே தெரியும். 2009-ல் பிரிந்த இங்கிலாந்தின் ஒயாசிஸ் குழு மறுபடி சேர்ந்தபோது, 2024-ல் டிக்கெட்மாஸ்டர் சில இருக்கைகளை 'பிளாட்டினம்' என்று பெயரிட்டுக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விலைக்கு விற்றது. கூடுதல் வசதி எதுவும் கிடையாது, பல இருக்கைகள் சாதா டிக்கெட் இருந்த அதே பகுதியில்தான் இருந்தன, இதை வாங்குபவர்களுக்குச் சரியாக விளக்கவில்லை என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2025-ல் கவலை தெரிவித்தது. வெறும் பேருக்கு இரண்டரை மடங்கு!

அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் கதை நேர் எதிர். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 2014 முதல் 2024 ஜூலை வரை தொடர் நிகழ்ச்சிகள் நடத்தியவர். முன் வரிசையை அவர் விற்பதை நிறுத்திவிட்டார். பணக்காரர்கள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, 'எங்கே, சந்தோஷப்படுத்து பார்ப்போம்' என்பது மாதிரி முகத்தை வைத்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவருடைய ஆட்கள் கடைசி வரிசைகளுக்குப் போய், அங்கிருந்த ரசிகர்களைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் இது வராமல் போன வருமானம். ஆனால் பாடுகிறவர் முதலில் பார்ப்பது முன் வரிசை முகங்களைத்தானே? அவர்கள் எழுந்து கூடப் பாடினால் பின்னால் இருப்பவர்களுக்கும் உற்சாகம் வரும். கொடுத்த முழு விலைக்கு அந்தச் சூடும் சேர்த்தி.

நம்ம ஊரில் எல்லா வரிசையையும் மலிவாக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரிசை. டியூஷன் காசில் வருகிறவனுக்கும் ஒரு நாள் அது கிடைக்கலாம் என்றிருந்தால் போதும்.